மண்வாசனைக் கிருமி தந்த மருந்து

காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டிலே முதல் மழை விழுந்ததும் ஒரு வாசனை வருமே, அது வெறும் மண்ணின் வாசனை இல்லைங்க. மண்ணுக்குள் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிரிக் கூட்டத்துக்கு அதில் பெரும்பங்கு உண்டு. நம் செம்மறியாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்து கிடைத்ததும் அந்தக் கூட்டத்தில் ஒன்றிடமிருந்துதான்.

ஜப்பானில் கிடாசாடோ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சத்தோஷி ஓமுரா ஊர் ஊராக மண் சேகரித்தவர். 1970-களில் கவானா என்ற இடத்தில், கோல்ப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணில் இது அகப்பட்டது. அமெரிக்காவில் மெர்க் கம்பெனியின் வில்லியம் கேம்பெல், புழு பிடித்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், புழு ஒழிந்தது. 1981-ல் கால்நடை மருந்தாக வந்தது. 2015-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இனி நம்ம விஷயம். ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொள்ளும் இரத்தம் உறிஞ்சும் புழு, ஒன்று நாளைக்குச் சுமார் 0.05 மில்லி குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி போச்சு! ஆடு வெளுத்து, தாடை வீங்கிச் சாகும். ஐவர்மெக்டின் இந்தப் புழுவின் நரம்பையும் தசையையும் முடக்கிவிடும். நாடாப்புழுவுக்கும் ஈரல் தட்டைப்புழுவுக்கும் மட்டும் இது கேட்காது.

ஆனால் பல நாடுகளில் இம்மருந்துக்கு அடங்காத புழு வந்துவிட்டது. குறைந்த அளவில் போட்டால் பலவீனமான புழு சாகும், தாக்குப்பிடிக்கிற புழு முட்டையிடும். செம்மறிக்கு எடை ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் கணக்கு. 25 கிலோ ஆட்டுக்கு 5 மில்லிகிராம். கண்மதிப்பில் ஊற்றாதீர்கள், எடை போடுங்கள். வெள்ளாட்டுக்கும் கறவைக்கும் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் போடவே கூடாது. மந்தை முழுக்க மாதாமாதம் போடுவதும் வேண்டாம். கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் விட்டுவிடலாம், வெளுத்திருந்தால் அந்த ஆட்டுக்கு மருந்து வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் புழுக்குஞ்சு ஈரப்புல்லின் நுனிக்கு ஏறும். பனி காய்ந்த பிறகே கொழுக்கட்டைப்புல்லில் ஆட்டை விடுங்கள். மருந்து போட்ட கால்நடையின் சாணத்திலும் மருந்து கொஞ்சநாள் தங்கும். சாணத்தை உருட்டி மண்ணில் புதைக்கிற வண்டின் குஞ்சுகள் அதில் செத்துப்போகும். தேவையில்லாமல் போடாமல் இருக்க இதுவும் ஒரு காரணங்க.