கல்லறைச் சுவரும் டார்வினும்



பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூவர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் சேரி இரவுப் பாடசாலையில் பரிணாமப் பாடம் நடத்தினேன். "பரீட்சைக்கு டார்வின், வீட்டுக்குச் சாமி, ரெண்டும் இருக்கட்டும் அக்கா" என்றாள் ஒருத்தி. "குரங்குன்னு சொன்னதும் கிளாஸ்ல எங்களைத்தான் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாங்க" என்றான் ஒரு தம்பி. கோயிலுக்குப் பூசைக்குப் போகும் கிறித்தவப் பிள்ளை கேட்டாள்: "எல்லாருக்கும் ஆதாம் ஏவாள்தான் அப்பா அம்மான்னா, கல்லறைத் தோட்டத்துல எதுக்கு அக்கா சுவரு?"

தம்பிக்கு முதலில் பதில் சொன்னேன். இன்றைய குரங்கிலிருந்து யாரும் வரவில்லை. குரங்குக்கும் நமக்கும் பொதுவான மூதாதை உண்டு. மனிதர் அனைவரும் ஆப்பிரிக்காவில் தோன்றிய ஒரே இனம். சிரித்தவனுக்கும் அதே பாட்டிதான்.

ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்துப் புருஷ சூக்தமோ முகம், தோள், தொடை, பாதம் என்று மனிதரைப் பிரித்துப் பிறக்க வைக்கிறது. பாதத்தில்கூட நமக்கு இடமில்லை. 1946இல் வெளிவந்த 'சூத்திரர்கள் யார்?' நூலில் அண்ணல் அம்பேத்கர் இந்தச் சூக்தத்தைத்தான் முதலில் விசாரணைக்கு எடுத்தார். படைப்புக் கதை நமக்கு வெறும் கதையல்ல. தீண்டாமைக்கு எழுதித் தந்த பட்டா.

2023இல் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை நீக்கியது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்றது பதில். பத்தோடு வேலைக்குப் போகிறவர், ஐடிஐ போகிறவர், உயிரியல் எடுக்காதவர் எங்கே படிப்பார்? அவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

அதே நேரம், பாடம் மட்டுமே சாதியை ஒழித்துவிடாது. விலங்கியலில் முதுகலை முடித்தவரும் சாதி பார்த்துத்தான் பெண் எடுக்கிறார். ஆதாமைச் சொல்லிக்கொண்டே சுவர் எழுப்பியது போல, டார்வினைச் சொல்லிக்கொண்டும் எழுப்புவார்கள். 'வலியது வாழும்' என்ற ஸ்பென்சரின் சொல்லை வைத்து ஏழையின் வறுமைக்கு நியாயம் கற்பித்தவர்கள் உண்டு.

ஆகவே, சாமியையும் வைத்துக்கொள்ளலாம் என்ற தங்கையை நான் கேலி செய்யவில்லை. அவள் அம்மாவின் சாமி அவள் துணை. ஒன்றை மட்டும் கேட்கச் சொன்னேன்: "உன்னைப் பிறப்பால் தாழ்ந்தவள் என்கிறதா அந்தக் கதை? என்கிறதென்றால் அதை விடு."

நம் இரவுப் பாடசாலைகள் அனைத்திலும் இந்தப் பாடத்தை எடுங்கள். பிள்ளைகளை முதலில் பேச விடுங்கள். கல்லறைச் சுவரைப் பற்றிக் கேட்டவள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறாள். அதை வகுப்பில் சொல்லி முடிக்க முடியாது; சுவரை இடித்துத்தான் சொல்ல வேண்டும்.

ஜெய்பீம்.