உறையும் ஊசியும்



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் கைவினையும் கவிதையும் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். கைவினையைப் பற்றி நூல்களில் படித்துப் பேசுவதினும், ஒன்றையேனும் கைகளால் பயின்று பேசுவதே முறை எனக் கருதினேன். ஆகவே சில மாதங்களாக, விடுமுறை நாள்களில், எங்கள் ஊர்க் கடைவீதியில் தோல்வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் கத்திக்குத் தோலுறை தைக்கக் கற்று வருகிறேன். நான் இன்னும் தொடக்க நிலை மாணவியே.

நம் புறப்பாடல்களில் வாள் மின்னுகிறது, வேல் ஒளிர்கிறது. உறையோ அருகியே பேசப்படுகிறது. பதிற்றுப்பத்தில் புலித்தோல் உறையிலிருந்து உருவிய படைக்கலம் காட்சி தருகிறது. உறைக்குத் 'தடறு' என்றொரு பழஞ்சொல்லும் உண்டு. அகராதி சொல்லுக்குப் பொருள் தரும். பொருளைச் செய்யும் வகையைத் தாராது. அதைத் தருபவர் தொழிலாளரே.

முதற்பாடம் தோலைத் தெரிவு செய்தல். குரோம் உப்பால் பதனிட்ட தோல் மென்மையானது. ஆனால் நனைத்து அழுத்தினால் கத்தியின் வடிவம் அதில் நிலைத்து நிற்பதில்லை. உறைக்கு ஏற்றது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமுள்ள தோல். தமிழகத்தில் இவ்வாறு பதனிட நெடுங்காலம் பயன்பட்டது ஆவாரம் பட்டை; கடுக்காயும் உடன் சேரும். மடலேறும் தலைவன் சூடும் ஆவிரைப் பூவைக் கலித்தொகை வழியே நாம் அறிவோம். அதே செடியின் பட்டையை அறிந்தவர்கள் தோல் பதனிடுவோர். பூவைப் பாடியவர் புலவர் எனப்பட்டார். பட்டையை ஆய்ந்தவருக்கு அத்தகைய பெயர் கிட்டவில்லை.

இரண்டாம் பாடம் அளவெடுத்தல். தடித்த தாளை இரண்டாக மடித்து, கத்தியின் முதுகு மடிப்பை ஒட்டுமாறு வைத்து வரைந்துகொள்ள வேண்டும். அலகின் வாய்ப்புறத்தில் தையலுக்கும் தோலின் கனத்திற்கும் சேர்த்து இடம் விட வேண்டும். தாளில் சரிபார்த்த பின்னரே தோலில் கத்தி வைக்கலாம். வெட்டிய தோலை மீண்டும் ஒட்ட வைக்க இயலாதன்றோ?

மூன்றாம் பாடமே உறையின் உயிர்நிலை. இரு தோல்களையும் நேராக வைத்துத் தைத்துவிட்டால், கத்தி நுழையும் ஒவ்வொரு முறையும் அலகின் வாய் நூலை அறுக்கும். ஆகவே அலகின் வாய் அமையும் ஓரம் நெடுகிலும், நுனிவரை, இரு தோல்களுக்கும் இடையே தோல் வார் ஒன்றை வைத்து ஒட்டி, மூன்றையும் சேர்த்துத் தைக்கிறார்கள். கூர்மை தையலைத் தொடாதவாறு அந்த வார் தடுத்து நிற்கிறது. முடிந்த உறையில் அதன் விளிம்பு மட்டுமே தெரியும்; உறையைக் காப்பதோ அதுதான். 'வார்' என்னும் சொல்லை முரசின் வாராக நாம் சங்கப் பாடல்களில் படிக்கிறோம். எங்கள் கடைவீதியிலோ அது உரைகாரரின் துணையின்றி இன்றும் வழங்குகிறது.

அடுத்தது தையல். விளிம்பிலிருந்து ஒரே தொலைவில் கவராயத்தால் கோடு கீறி, குத்தூசியால் சம இடைவெளியில் துளையிட வேண்டும். தேன்மெழுகு தடவிய ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகள். ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராக நுழைந்து வெளிவரும். இத்தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் அடுத்த தையல்கள் எளிதில் பிரிவதில்லை. இறுதியில் இரண்டு மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து முடிக்க வேண்டும். "இழுப்பு ஒரே மாதிரி இருக்கணும் அம்மா. கோபத்துல ஒண்ணு, சோம்பல்ல ஒண்ணுன்னு இழுத்தா தையலே காட்டிக் கொடுத்துடும்" என்பார் ஆசிரியர். யாப்பிலக்கணம் கற்பிக்கும் எனக்கு இதனினும் தெளிவான விளக்கம் கிடைத்ததில்லை.

தைத்த உறையை நீரில் நனைத்து, ஈரம் படாதவாறு மெல்லிய நெகிழித் தாளில் சுற்றிய கத்தியை உள்ளே வைத்து, விரல்களால் அழுத்தி வடிவம் தந்து, நிழலில் உலர்த்த வேண்டும். முடிந்த பின்னும் ஓர் எச்சரிக்கை உண்டு. கத்தியை நெடுநாள் உறையிலேயே விட்டு வைத்தல் ஆகாது. தோல் ஈரத்தை ஈர்க்கும், இரும்பு துருப்பிடிக்கும்.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மற்போர் விரைவைச் சாத்தந்தையார் புறநானூற்று 82ஆம் பாடலில் பாடுகிறார். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகால வேதனை, மழையோ பெய்கிறது, கதிரவனும் சாய்கிறான். அந்நேரத்தில் கட்டில் பின்னும் ஒருவன் கையில் வாரைச் செலுத்தும் ஊசி எத்துணை விரைவாக ஓடுமோ, அத்துணை விரைவாம் அம்மன்னனின் போர். பல ஆண்டுகள் வகுப்பில் நடத்திய பாடல் இது. ஒரு சாண் தையலுக்கு ஒரு பிற்பகலைச் செலவிடும் மாணவியான பின்னர், அந்த ஊசியின் விரைவு எத்தனை ஆண்டுப் பயிற்சியின் விளைவு என்பது என் விரல்களுக்கே புரிகிறது.

ஆயினும் அவ்வுழைப்பாளியைப் பாடல் 'இழிசினன்' என்றே சுட்டுகிறது. மன்னனின் வீரத்தை அளக்க அவனுடைய ஊசி தேவைப்பட்டது. அவனுக்கோ இழிவு சுமத்திய பெயரே எஞ்சியது. புலவரின் கண் கையைக் கூர்ந்து நோக்கியது; கைக்குரியவனை உரிய மதிப்போடு நோக்கவில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட குறை எனக் கூறி நாம் நகர்ந்துவிட இயலாது. தோலைத் தொட்ட கையைத் தாழ்வாக எண்ணும் மனம் இன்றும் நம்மிடையே இருப்பது கண்கூடு.

உழைப்பவரிடமிருந்து உவமையைப் பெற்றுக்கொண்டு, அவரை அவையின் புறத்தே நிறுத்துவது அறமன்று. நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டில், ஆண்டுக்கு ஒரு கூட்டத்திலேனும் ஒரு கைவினைஞர் மேடையேறட்டும். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவதற்காக அன்று. அவர் பேச, நாம் குறிப்பெடுப்பதற்காக. அவருடைய தொழிற்சொற்கள் அவர் வழங்கும் பொருளோடு நம் ஏடுகளில் பதிவாகட்டும். முதற்கூட்டத்திற்கு என் ஆசிரியரை அழைத்து வரும் பொறுப்பை நான் ஏற்கிறேன். இருக்கை தரும் பொறுப்பு உங்களுடையது.