குதிகால் வெடிப்புக்கு எந்தக் களிம்பு?

மார்கழிப் பனி தொடங்கினால் போதும், குதிகால் வெடித்து, போர்வை நூல் அதில் மாட்டி இழுக்கும். மருந்துக்கடையில் "பித்தவெடிப்புக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு, கொடுத்ததை வாங்கி வருகிறோம். ட்யூபில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

பெரும்பாலும் வெறும் பெட்ரோலியம் ஜெல்லியே போதும். தோலில் இருக்கும் ஈரத்தை அது வெளியே விடாமல் காக்கும், அவ்வளவுதான். ஆகவே வறண்ட காலில் அப்பினால் பெரிய பலன் இராது. இரவில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் பாதத்தை வைத்திருந்து, துண்டால் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுதும் காயுமுன் தடவி, பருத்திக் காலுறை போட்டுப் படுங்கள். காலுறையோடும் தரை வழுக்கலாம், வயதானவர்கள் எழுந்து நடக்கும்போது கவனம்.

அடுத்தது யூரியா கலந்த களிம்பு. 10 சதவீதம் என்றால் ஈரப்பதம் தரும். 20 சதவீதத்துக்கு மேலே போனால் தடித்த தோலை இளக்கும். ரத்தம் கசியும் பிளவில் பட்டால் சுரீரென்று எரியும். சாலிசிலிக் அமிலக் களிம்பும் அப்படித்தான். பிளவு மூடும்வரை ஜெல்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளேடால் சீவும் வேலை வேண்டவே வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது வேறொரு ட்யூப். வீட்டில் யாரோ எப்போதோ படர்தாமரைக்கு வாங்கியது. கொசு கடித்தாலும் அது, முகம் கறுத்தாலும் அது, குதிகாலுக்கும் அதுவே! குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று அதில் இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பு சட்டென்று அடங்கிவிடுவதால்தான் அதன்மேல் அத்தனை நம்பிக்கை. வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும். பூஞ்சைத் தொற்று இருந்தால், மேலே அடங்கியதுபோல் காட்டிவிட்டு உள்ளுக்குள் பரவும். அட்டையின் இடப்பக்கம் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து அது. கடைக்காரர் கேட்காமலே கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நான் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. மரத்த காலுக்கு நீரின் சூடு தெரியாது, அதனால் ஊறவைக்க வேண்டாம். அமிலக் களிம்பைத் தொடாதீர்கள். ஜெல்லி தடவினாலும் விரலிடுக்கில் தடவாதீர்கள், ஈரம் தங்கிப் புண்ணாகும். வெடிப்பைச் சுற்றிச் சிவந்தாலோ, வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள்.