பிரெய்ட்வுட்டும் திறந்து கிடந்த கதவுகளும்

இந்த அறக்கட்டளைக்குரிய பெரியவர் வாழ்நாளெல்லாம் தீப்பாதுகாப்புப் பொறியாளராக உழைத்தவர். அவர் எத்தகைய தகப்பனாராக இருந்தார் என்பதை முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சொல்லாமலே சொல்கிறார்கள். அவரை நேரில் அறிந்தவர்கள் எனக்கு முன் பேசிவிட்டார்கள். நான் அவருடைய தொழிலுக்கு மூத்தவர் ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். ஜேம்ஸ் பிரெய்ட்வுட், 1800-இல் எடின்பரோவில் பிறந்தவர், 1861-இல் லண்டனில் பணியின்போது இறந்தவர்.

என் வழக்கு என்னவென்று அவையில் பாதிப் பேருக்குத் தெரியும். தீப்பாதுகாப்புப் பொறியியல் 1928-இல் பிறந்தது என்று சக பேராசிரியர்கள் சொல்கிறார்கள். அந்த ஆண்டில்தான் இங்பெர்க் ஒரு தளத்தில் எரியக்கூடிய பொருள்களின் எடையையும், அது உலையில் எத்தனை மணி நேரச் சோதனைக்குச் சமம் என்பதையும் இணைத்துக் காட்டினார். வேறு சிலர், அறைத் தீயின் வேகத்தைக் கணக்கிட்ட கவகோயேயின் 1958 ஆய்வை முதலாகக் கொள்கிறார்கள். இரு தரப்பாருக்கும் பிரெய்ட்வுட் ஒரு வீரமான தீயணைப்பாளர் மட்டுமே. பாடநூலின் முன்னுரையில் ஒரு வரி, ஒரு படம், அதோடு சரி. பாடத்திட்டக் குழுவில் இதை நான் பலமுறை மறுத்திருக்கிறேன். மறுப்பை முழுமையாகச் சொல்ல இன்றுதான் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. பிரெய்ட்வுட் பொறியாளர். அவரை வீரராக மட்டும் நினைவுகூர்வது அவர் எழுதியதைப் படிக்காததன் விளைவு.

அவருடைய தகப்பனார் மரச்சாமான் செய்பவர், கட்டடமும் கட்டியவர். அந்தப் பட்டறையில்தான் மகனுக்கு உத்திரமும் சுவரும் பழக்கமாயின. 1824-இல் பிரெய்ட்வுட் எடின்பரோ நகரத் தீயணைப்பு எஞ்சின்களுக்குத் தலைவரானார். பொறுப்பேற்ற சில வாரங்களில், நவம்பரில், அந்நகரின் பெருந்தீ மூண்டது. பின்னர் அவர் ஆள் சேர்த்த முறையைக் கவனியுங்கள்: கூரை வேய்பவர், கொத்தனார், தச்சர், குழாய் வேலைக்காரர். எரியும் வீட்டில் எந்தச் சுவர் நிற்கும், எந்தத் தளம் இறங்கும் என்று கைப்பழக்கத்தால் அறிந்தவர்கள். தெருவில் நின்று புகையின்மேல் தண்ணீர் பாய்ச்சுவது வீண், உள்ளே போய் நெருப்பின் அடியில் பாய்ச்ச வேண்டும் என்றார். உள்ளே யாரும் தனியாகப் போகக் கூடாது, துணை வேண்டும் என்றும் விதித்தார். 1830-இல் எஞ்சின்கள், ஆட்பயிற்சி, தீ நேரும்போது செய்ய வேண்டியவை எல்லாவற்றையும் ஒரு நூலாக்கினார். 1833-இல் காப்பீட்டு நிறுவனங்கள் ஒன்றுகூடி லண்டனில் அமைத்த தீயணைப்பு அமைப்புக்குத் தலைவரானார். மறு ஆண்டே நாடாளுமன்ற மாளிகை எரிந்தது, வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் தப்பியது.

இவையெல்லாம் தீயணைப்பு என்று நண்பர்கள் சொல்லலாம். ஆனால் 1849-இல் அவர் சிவில் பொறியாளர் கழகத்தில் படித்த கட்டுரையின் பொருள் ‘தீக்காப்புள்ள கட்டடங்கள்’. அக்காலத்தில் வார்ப்பிரும்புத் தூணும் உத்திரமும் வைத்த கட்டடத்துக்குத் தீயே இல்லை என்பது பொது நம்பிக்கை. பிரெய்ட்வுட் அதை நேருக்கு நேர் மறுத்தார். சூடேறிய வார்ப்பிரும்பு வலுவிழக்கும், அதன்மேல் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். இன்றைய கணக்கில் சொன்னால், 10 மீட்டர் வார்ப்பிரும்பு உத்திரம் 500 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ ஐந்தரை சென்டிமீட்டர் நீளும். நீள இடமில்லாவிட்டால் அது சுவரை வெளியே தள்ளும். எரியாத பொருள் வேறு, தீயைத் தாங்கும் கட்டடம் வேறு என்ற இந்தப் பிரிவினையில்தான் நம் துறையே நிற்கிறது.

அவருடைய இரண்டாவது வாதம் கொள்ளளவு பற்றியது. தடுப்பில்லாத பெருங்கிடங்கில் தீ ஒருமுறை பிடித்துக்கொண்டால் லண்டனிலுள்ள எந்த எஞ்சினாலும் அணைக்க முடியாது என்று எழுத்திலேயே எச்சரித்தார். 1855-ஆம் ஆண்டு பெருநகரக் கட்டடச் சட்டம் கிடங்கின் ஒரு பகுதிக்கு வைத்த வரம்பு 2,16,000 கன அடி, அதாவது 60 அடி நீள அகல உயரமுள்ள ஒரு கனசதுரம். இருக்கும் நீரும் ஆளும் எவ்வளவு பெரிய தீயை வெல்லும் என்று முதலில் கேட்டு, அதற்கேற்பச் சுவர் எங்கே எழும்ப வேண்டும் என்று முடிவுசெய்வது வடிவமைப்பு இல்லையென்றால் வேறெதை வடிவமைப்பு என்பது?

இனி அவர் உயிரைப் பறித்த டூலி தெருத் தீக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1861 ஜூன் 22, சனிக்கிழமை மாலை. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், லண்டன் பாலத்துக்கு அருகே, காட்டன்ஸ் வார்ஃப் என்ற சரக்குத் துறை. அதன் கிடங்குகளில் பஞ்சுப் பொதி, சணல் பொதி, சர்க்கரை, தேயிலை, மிளகு முதலிய சரக்குகள், பீப்பாய் பீப்பாயாய் மாட்டுக்கொழுப்பு. இவற்றை ஒரே கூரையின் கீழ் அடுக்கினால் என்ன ஆகும் என்று மாணவர்கள் யோசித்துப் பாருங்கள். பஞ்சும் சணலும் உள்ளேயே கனன்று கிடக்கும். கொழுப்பு உருகினால் எரிந்துகொண்டே படிக்கட்டு வழியாகக் கீழ்த்தளத்துக்கு ஓடும். அதாவது தீ மேலேயும் ஏறும், கீழேயும் இறங்கும். தீ எப்படிப் பிடித்தது என்பது இன்றுவரை தீர்மானமாகவில்லை. பஞ்சோ சணலோ தானாகப் பற்றியிருக்கலாம் என்பது ஓர் ஊகம்.

கிடங்கின் பகுதிகளுக்கு இடையே இரும்புக் கதவுகள் இருந்தன. அத்தகைய கதவுகள் வேண்டும் என்று வற்புறுத்தியவர் பிரெய்ட்வுட். அன்று அவற்றில் பல திறந்து கிடந்தன. சரக்கை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு உருட்டிச் செல்லும் கூலியாளுக்கு, ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து மூடுவது வேலைக்கு இடைஞ்சல். அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. மூடுவதை மனிதனின் நினைவுக்கு விட்டதே குறை. சுவரும் இருந்தது, கதவும் இருந்தது. ஆனால் கதவு திறந்திருந்த நிமிடத்திலேயே பல அறைகள் ஒரே அறையாகிவிட்டன. 60 அடிக் கனசதுரம் காகிதத்தில் மட்டும்தான் மிஞ்சியது.

பிரெய்ட்வுட் வந்தபோது ஆற்றில் நீர் இறங்கியிருந்த நேரம். மிதவை எஞ்சின்களுக்குப் போதிய நீர் எட்டவில்லை, பிறகு வெப்பம் அவற்றைக் கரையிலிருந்து விரட்டியது. கைவலியோடும் தாகத்தோடும் நின்ற தம் ஆட்களிடம் ஒவ்வொருவராகப் போய், களைப்புத் தீர பிராந்தி பகிர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு கிடங்கின் சுவர் தெருப்பக்கம் சாய்ந்தது. அவரும் அருகிலிருந்த இன்னொரு தீயணைப்பாளரும் அதனடியில் சிக்கினார்கள். உடலை எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. தீ முழுதும் அணைய இரண்டு வாரம் பிடித்தது. இழப்பு 20 லட்சம் பவுண்டு அளவுக்குப் போயிற்று. உருகிய கொழுப்பு ஆற்றில் மிதக்க, ஜனங்கள் படகில் போய் அதை அள்ளினார்கள். ஜூன் 29-இல் நடந்த இறுதி ஊர்வலம் ஒன்றரை மைல் நீண்டது. நகரத்து மணிகள் ஒலித்தன.

இந்த ஊர்வலத்தைத்தான் நண்பர்கள் பாடம் நடத்துகிறார்கள். நான் கதவை நடத்தச் சொல்கிறேன். கவகோயே காட்டியது என்ன? அறைக்குள் எரியும் வேகத்தை அந்த அறையின் திறப்பு நிர்ணயிக்கிறது என்பதைத்தான். திறப்பின் பரப்பை அதன் உயரத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, 5.5-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை கிலோ விறகு எரியும் என்று வரும். ஒரு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள ஒரே ஒரு கதவு திறந்திருந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15.5 கிலோ. இந்தச் சமன்பாடு தொடங்கும்போதே சுவருள்ள ஓர் அறையையும் அளவு தெரிந்த ஒரு திறப்பையும் கேட்கிறது. அந்த அறை இருக்க வேண்டும் என்று நூறாண்டுக்கு முன்பே போராடியவரை முன்னுரையில் விட்டுவிட்டு சமன்பாட்டை மட்டும் பாடமாக்குவது நியாயமில்லை.

பிரெய்ட்வுட்டின் குடும்பத்தைப் பற்றிப் பேசுவது பொறியியல் வரலாற்றில் சேராது என்றும் ஒரு கருத்து உண்டு. அதையும் நான் ஏற்கவில்லை. அபனி பார்க் கல்லறையில் பிரெய்ட்வுட் புதைக்கப்பட்டது தம் மனைவியின் முதல் மணத்து மகனின் அருகில். அந்த இளைஞரும் தீயணைப்பாளர், சில ஆண்டுகளுக்கு முன் பணியில் இறந்தவர். தன் வீட்டுப் பிள்ளையை இந்த வேலைக்குத் தந்து இழந்த ஒருவருக்கு, கிடங்கின் கன அடி என்பது இன்னொருவர் வீட்டுப் பிள்ளையை எவ்வளவு தூரம் உள்ளே அனுப்பலாம் என்பதன் அளவு. குடும்பத்தைத் தனியே பிரித்தால் கணக்கின் காரணம் போய்விடும்.

அவர் இறந்த பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தின. தீயணைப்புப் பொறுப்பை இனி அரசே ஏற்க வேண்டும் என்று கேட்டன. 1865-இல் சட்டம் வந்தது, 1866-இல் பெருநகரத் தீயணைப்புப் படை தொடங்கியது.

நேரம் கருதிச் சில ஆய்வுத் தலைப்புகளை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். 1849 கட்டுரைக்குக் கழகத்தில் எழுந்த விவாதத்தை முழுதாக ஆராய வேண்டும். கொள்ளளவு வரம்பு பிற நகரங்களின் சட்டங்களுக்கு எப்படிப் போனது என்று பார்க்க வேண்டும். நம் தேசியக் கட்டட நெறித்தொகுப்பின் 4-ஆம் பகுதியிலுள்ள அறைப்பிரிப்பு விதிகளின் வேரையும் தேட வேண்டும். நம் குடோன்களில் தீக்கதவுக்குச் சரக்கு மூட்டையை முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கிறார்களா என்ற கள ஆய்வை முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்திலேயே செய்யலாம்.

அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் பிரெய்ட்வுட்டின் 1849 கட்டுரையை முதல் பருவத்தில் சேர்க்கும்படி முன்மொழியப் போகிறேன். மறுக்க நினைக்கும் நண்பர்கள் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வந்து மறுக்கும்படி இந்த அவையில் வேண்டிக்கொள்கிறேன்.