நாம் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம்?



பி40, எம்40, டி20 என்ற சொற்கள் இன்று நம் காதில் விழாத நாள் இல்லை. உதவித் தொகையா, பிள்ளையின் படிப்பா, முதற் கேள்வி "நீ எந்தக் கட்டம்?" என்பதே. அந்தக் கட்டத்தை எப்படிப் போடுகிறார்கள் என்று நாம் அறிந்திருக்க வேண்டாமா?

ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்காகப் புள்ளிவிவர இலாகா நாட்டைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரிக்கிறது. ஒன்றில் சுமார் 80 முதல் 120 வீடுகள். ஐந்நூறு அறுநூறு பேர். தோட்டத்தில் ஒரு டிவிஷன் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழில் என்ன, வீடு எத்தகையது என்று அங்கே எழுதுகிறார்கள். வருமானக் கோடு போடுவது வேறொரு கணக்கெடுப்பு. அதில் பொறுக்கி எடுத்த வீடுகளை மட்டுமே கேட்கிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸைப் பாருங்கள். ரயில்வே ஊழியர் குடியிருந்த ஹண்ட்ரெட் குவார்ட்டர்ஸ் இன்று இல்லை. பழைய ரயில்வே நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. சுற்றிலும் வானளாவிய கட்டடங்கள். அவற்றின் நிழலில் பழைய அடுக்குமாடி வீடுகள். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் பூமாலை கட்டி விற்கும் அம்மாவும் வசதிக்காரியாகத்தான் தெரிவார்!

அடுத்தது குடும்பக் கணக்கு. 2022ஆம் ஆண்டுக் கணக்கில், மாதம் 5,250 வெள்ளிக்குக் கீழே வருமானமுள்ள குடும்பம் பி40. அவ்வாண்டு குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி. ஒரு வீட்டில் நால்வர் அந்தச் சம்பளத்துக்கு உழைத்தால் 6,000 வெள்ளி, அவர்கள் எம்40! உண்பவர் ஒன்பது பேர் என்றால் தலைக்கு 667 வெள்ளிகூட இல்லை. பக்கத்து வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும் 5,000 வெள்ளியில் வாழ்ந்தால் அவர்கள் பி40. இது என்ன நியாயம்? கட்டம் சம்பாதிக்கும் கைகளை எண்ணுகிறது. சாப்பிடும் வாய்களை எண்ணவில்லை.

வறுமைக் கோட்டின் கதை இன்னும் விசித்திரமானது. 2016இல் கோடு 980 வெள்ளி. நூறு குடும்பத்தில் அரைக் குடும்பம்கூட ஏழை இல்லை, 0.4 சதவிகிதமே என்றார்கள். பின்னர் 2019ஆம் ஆண்டுக் கணக்குக்குப் புதிய முறையில் கோடு 2,208 வெள்ளி ஆயிற்று. அம்முறையில் பார்த்தபோது அதே 2016இல் ஏழைக் குடும்பங்கள் 7.6 சதவிகிதம்! அத்தனை பேரும் எங்கேயும் போய்விடவில்லை. கோட்டுக்கு மேலே எழுதப்பட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

கிள்ளான் வட்டாரத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 1991 முதல், பட்டணத்தை ஒட்டிய குடியிருப்பில் 60 சதவிகிதத்தினராவது விவசாயமல்லாத தொழில் செய்தால், மற்ற நிபந்தனைகளும் பொருந்துமானால், அதையும் பட்டணமாகக் கொள்கிறார்கள். பால்மரம் போய்த் தொழிற்சாலை வந்தது. லயத்தை விட்டு ஓர் அடி நகராதவரும் பட்டணத்தார் ஆனார். பட்டணத்துச் சம்பளம் மட்டும் கூடவே வரவில்லை.

ஆதலால் கணக்கெடுப்பவர் வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். இலாகாவின் கணக்கில் குடும்பம் என்பது ஒரே கூரை அன்று. ஒன்றாய்க் குடியிருந்து, சாப்பாட்டுக்கும் மற்றச் செலவுக்கும் ஒன்றாய் ஏற்பாடு செய்துகொள்வோரே ஒரு குடும்பம். மணமான மகன் தனி அடுப்பு வைத்திருந்தால் அதைச் சொல்லுங்கள். தாத்தா பாட்டியை விட்டுவிடாதீர்கள். மலாய்ப் பாரம் வாசிக்கத் தெரியாதவரோடு நம் கிராணித் தோழர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும்; தேதி தெரிந்ததும் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.