எந்தப் பெண்ணின் உரிமை?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பெண்ணுரிமை பற்றிப் பேச வேண்டுமெனச் செயலாளர் கேட்டபோது, அது எளிய பொருள் என்றே நாம் எண்ணினோம். மேடையேறுவோர் எல்லோரும் போற்றிப் பேசும் பொருளன்றோ அது! ஆனால் ஆயத்தஞ் செய்யத் தொடங்கியதும் ஒரு கேள்வி குறுக்கே நின்றது. பெண் என்று சொல்லும்போது நம் மனக்கண்முன் வருபவள் யார்? படித்தவளா, கூலிக்காரியா? நம்மவளா, பிறத்தியாளா? விடை தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் நாட்டுப் பெண்கள் வாக்குரிமை பெற்ற வரலாற்றையே எடுத்துக்கொள்வோம்.

1927ஆம் ஆண்டின் இறுதியில் டொனமூர் கொமிஷன் இலங்கைக்கு வந்தது. அந்நாளில் சொத்து, வருமானம், கல்வி என்னும் வேலிகளைத் தாண்டிய ஆண்களுக்கே வாக்கு இருந்தது. சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேரளவே அவர்கள். அவ்வாண்டு டிசம்பரிற் கொழும்பில் மாதர் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. சீமாட்டி டயஸ் பண்டாரநாயக்கா தலைவியாகவும், அக்னஸ் டி சில்வா செயலாளராகவும் விளங்கினர். பல இனத்தவரும் அதிற் கலந்திருந்தனர். ஆயினும் வகுப்பால் அவர்கள் ஒரே வீட்டார் எனலாம். பெரும்பாலும் பிரமுகர்களின் மனைவியரும் கற்ற மாதருமே. அவர்கள் முதலிற் கேட்டது எல்லாப் பெண்களுக்கும் வாக்கன்று. தகுதி வரையறுத்த வாக்கே. அதற்காக அவர்களை மட்டும் குறைகூறுவதற்கில்லை. ஆண்களின் தேசிய காங்கிரசும் பாமரருக்கு வாக்கு வேண்டாமென்றே நின்றது. சர்வசன வாக்குரிமை கேட்டுத் துணிந்து நின்றது ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கமே. யாழ்ப்பாணத்திலே பெண்களுக்கென 1913இல் கல்லூரி நிறுவிய சேர் பொன். இராமநாதனும் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். பெரியவர்களைப் பற்றி இப்படிச் சொல்லலாமா எனச் சிலர் முகஞ் சுளிப்பதைக் காண்கிறோம். அவர் செய்த நன்மையை மறுக்கவில்லை, உள்ளதையே சொல்கிறோம்.

கொமிஷன் முன் மாதர் சங்கத்தார் சாட்சியமளித்தபோது டொனமூர் பிரபு ஒரு கேள்வி கேட்டார்: தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா? அவர்களும் பெண்கள்தாமே, ஆகவே வேண்டும் என்று தாம் விடை சொன்னதாக அக்னஸ் டி சில்வா பின்னாளில் நினைவுகூர்ந்தார். சங்கத்தின் கோரிக்கையிலும் அந்த விடை பெரிது. கொமிஷன் பெண்களுக்கு 30 வயது என்று சிபார்சு செய்தது. முடிவில் 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் 21 வயது என்றே ஆயிற்று.

(அவ்வாண்டுத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்ததால், குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. நம் பெண்கள் கைக்கெட்டிய முதல் வாக்கைப் போடுவதற்கு மூன்றாண்டு காத்திருந்தார்கள். வாலிபர் சங்க மேடையில் இதைச் சொல்லாமல் விடுவது முறையன்று.)

நிற்க. கொழுந்து பறிப்பவளுக்கு அந்த வாக்கு எவ்வளவு தூரம் எட்டியது? அவள் இந்நாட்டில் நிலையாக வாழ்பவள் என்று முதலில் நிரூபிக்க வேண்டியிருந்தது. விடியுமுன் பிரட்டுக்குப் போய், மழையிலும் பனியிலும் கூடை சுமந்து, மாலையிற் கொழுந்து நிறுத்து, லயத்துக்குத் திரும்பி அடுப்பு மூட்டுபவள் அவள். அவளுக்கு ஆணிலும் குறைந்த கூலி போதுமென 1927ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டமே இடங்கொடுத்தது. அந்தக் கூலியையும் கணவனோ தகப்பனோ கையேற்கும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. இம்மக்களின் துயரைப் பாட்டாகப் பாடியவர், தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள். கொழும்பு மாதர் சங்கத்தைக் கற்றோர் அறிவர்; மீனாட்சி அம்மாளை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் மலைநாட்டாரின் வாக்கைப் பறித்தன. பெண் என்பதற்காக அவள் வாக்கிழக்கவில்லை. இந்திய வம்சத்தவள் என்பதற்காகவே இழந்தாள். 1960இல் உலகின் முதற் பெண் பிரதமர் நம் நாட்டிற் பதவியேற்றார். யாவரும் பெருமை கொண்டோம். நான்கே ஆண்டுகளில் அவரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. மீதி 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்ப்பதென வைத்தார்கள். அந்தத் தொகைகளுக்குள்ளே எத்தனை இலட்சம் பெண்கள்! ஆட்சிப் பீடத்தில் ஒரு பெண் அமர்ந்தது அவர்களுக்கு எவ்வகையில் உதவியது?

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததென எண்ணற்க. அமெரிக்காவில் அடிமையாய்ப் பிறந்த சோஜர்னர் டுரூத் என்னும் கறுப்பினப் பெண்மணி, 1851இல் ஒஹாயோ மாநிலத்து மாதர் மாநாட்டில் எழுந்து, வயலில் உழைக்கும் தன்னையும் பெண்ணாகக் கணக்கெடுக்கும்படி வாதாடினார். 1869இல் அந்நாட்டு மாதர் இயக்கம், கறுப்பின ஆண்களுக்கு வாக்களிக்கும் திருத்தத்தை ஏற்பதா என்ற பிணக்கிற் பிளந்தது. 1920இற் பெண்கள் வாக்குப் பெற்றபின்னும் தென்மாநிலக் கறுப்பினப் பெண்களிற் பெரும்பாலோர் 1965 வரை வாக்குச் சாவடியை அணுக முடியவில்லை. சட்ட அறிஞர் கிம்பர்லி கிரென்ஷோ 1989இல் இதற்கு நாற்சந்தியை உவமை காட்டினார்: சந்தியில் நிற்பவள்மீது எத்திசையிலிருந்தும் வண்டி மோதலாம்; எந்த வண்டி மோதியதென்று பிரித்துச் சொல்வது எப்போதும் இயலாது. நம் கொழுந்துக்காரிக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை.

மலைநாட்டிற் கூலி சமமானது 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்பே. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை தந்த சட்டம் 2003இல் வந்தது. ஒன்றிலிருந்து மற்றதற்கு இருபதாண்டு நெருங்கிற்று.

இனி நம் வீட்டுக் கதை. யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் மலைநாட்டுச் சிறுமிகள் வேலைக்கு நின்றதை இங்குள்ள பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். எங்கள் வீட்டிலும் ஒருத்தி நின்றாள். அந்த வீட்டு விறாந்தையில்தான் மாதர் கூட்டங்கள் நடந்தன. பெண்கல்வி பற்றி அம்மாமார் உருக்கமாகப் பேசுவார்கள். பள்ளி வயதுடைய அவள் தேநீர்த் தட்டோடு வந்து, கொடுத்துவிட்டு, கிண்ணங்களை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவாள். அவளைப் பள்ளிக்கு அனுப்புவோமா என்று அக்கூட்டத்தில் எவரும் கேட்டதில்லை. நாமும் கேட்கவில்லை. அவளுடைய ஊர் ஹற்றனா பதுளையா என்பதுகூட இன்று வீட்டில் எவருக்கும் தெரியாது.