டிரெய்லர் அச்சில் விரிசல்: அரவைக்கு முன் கவனியுங்கள்

(திருவண்ணாமலை உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



2024 நவம்பரில் இவ்வூர்ப் பெரிய தேரைப் பழுது பார்த்து, தீபத் திருவிழாவுக்கு முன்பே வெள்ளோட்டம் விட்டார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் ஓடும் தேருக்கே இந்தச் சோதனை. அரவைக் காலம் முழுவதும் செய்யாறு கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு சுமக்கும் உங்கள் டிரெய்லரின் அச்சை யார் சோதிக்கிறார்கள்?

பயிர் வாத்தியாருக்கு இரும்பில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வெட்டிய கரும்பு 24 மணி நேரத்துக்குள் ஆலை சேர வேண்டும். அச்சு ஒடிந்து வழியில் கிடந்தால் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். சுமை சாய்ந்தால் உயிருக்கே ஆபத்து.

ஒடிந்த அச்சின் முகத்தை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பகுதி வழவழப்பாக, ஏரி நீர் வற்றி இறங்கிய கரைக்கோடுகள் போன்ற வளைகோடுகளுடன் இருக்கும். அது நெடுநாளாக வளர்ந்த விரிசல். சொரசொரப்பான மீதிப் பகுதிதான் அன்றைக்கு ஒடிந்தது.

விரிசலை வளர்ப்பது அசையாமல் நிற்கும் சுமையன்று. சுமையின் ஏற்ற இறக்கமே. சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் அச்சு வளைந்து நிமிர்கிறது. விரிசலின் முனை இம்மியளவு முன்னேறுகிறது. பாரிஸ், எர்டோகன் என்னும் இருவர் 1963-இல் இதற்கு ஒரு கணக்கு தந்தனர். அதன்படி, இரும்பில் இந்த ஏற்ற இறக்கம் கால் பங்கு கூடினால் விரிசல் வளரும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். இரட்டித்தால் எட்டு மடங்காகும்!

சுமை மாறி மாறி வரும்போது இன்னொரு விந்தையும் உண்டு. ஒரு பெருங்குலுக்கலுக்குப் பின், முனையைச் சுற்றியுள்ள இரும்பு நசுங்கி இறுகுவதால், விரிசல் சிறிது காலம் மெதுவாக வளரும். 1972-இல் வீலர் என்பவர் இந்தத் தாமதத்தையும் கணக்கில் சேர்த்தார். இதைக் கேட்டு, அதிகச் சுமை நல்லதென்று எண்ணிவிடாதீர்கள். விரிசல் பெரிதாயிருந்தால் அந்தக் குலுக்கலிலேயே அச்சு ஒடிந்துவிடும்.

நம் சாலைப் பள்ளங்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. எனவே ஒடியும் நாளைக் கணக்கிட்டுச் சொல்ல இயலாது. விரிசலைத் தேடிப் பார்ப்பதே வழி. அரவைக்கு முன் சக்கரத்தைக் கழற்றி, அச்சு பருமன் குறையும் மூலையையும் வெல்டிங் ஓரங்களையும் துரு, மசகு போகத் துடையுங்கள். மண்ணெண்ணெயோ டீசலோ தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்தபின் சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து கோடு தெரியும். மிக நுண்ணிய விரிசல் இதில் தப்பிவிடக் கூடும். ஆகவே பருவத்தின் நடுவிலும் ஒரு முறை பாருங்கள்.

கோடு தெரிந்தால் மேலே வெல்டிங் வைத்து மூடாதீர்கள். அச்சையே மாற்றுங்கள்.